இடைவேளையில் கத்துகிற பிள்ளைகள் வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: இந்த வருடம்தான் எனக்கு முதல் நியமனம். யாழ்ப்பாணக் குடாக்கடல் ஓரத்து ஊர் ஒன்றிலுள்ள சிறிய பாடசாலையில் தரம் 3 வகுப்பாசிரியராக இருக்கிறேன். 24 பிள்ளைகள். எல்லாம் கடற்றொழில் குடும்பங்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர். நான் சைவம், ஊரும் வேறு. இடைவேளையில் பாடசாலை அதிரக் கத்துகிறவர்கள், நான் கேள்வி கேட்டால் நிலத்தைப் பார்க்கிறார்கள். பெருக்கல் கணக்கில் முக்கால்வாசிப் பேர் பிழை. கொஞ்சம் ஒட்டட்டும் என்று பண்பாட்டு நாள் ஒன்று வைத்தேன். வேட்டி, சேலை கட்டி வந்தார்கள், படம் எடுத்தோம், அடுத்த நாள் பழையபடிதான். ஒரு பையன் கிழமையில் இரண்டு நாள் வருவதில்லை, வந்தாலும் மேசையில் படுத்துவிடுகிறான். பெற்றோர் கூட்டத்துக்கு நாலு தாய்மார்தான் வந்தார்கள். மூத்த ஆசிரியர்கள் "அந்தப் பக்கத்துப் பிள்ளையள் அப்பிடித்தான், நீர் உம்மட அலுவலைப் பாரும்" என்கிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது? இன்னொன்று, சிலர் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். அதற்கு என்ன செய்வது?
— ஓர் ஆசிரியை, கொக்குவில்

பதில்:

தங்கச்சி, மூத்த ஆசிரியர்கள் சொன்ன வசனத்திலிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் "அந்தப் பக்கம்" என்று இழுத்துச் சொல்லும்போது பெரும்பாலும் சாதியைத்தான் சொல்கிறோம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும். "உங்கட வீடு எவடம்?", "எந்தக் கோயிலடி?" என்ற கேள்விகளை நீங்கள் சும்மா கேட்டிருக்கலாம். ஆனால் அவற்றுக்குப் பின்னால் என்ன வரும் என்று அந்த ஊர்த் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்தக் கேள்விகளை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆசிரியர் அறையில் சண்டை பிடிக்கவும் வேண்டாம். "என்ர வகுப்புப் பிள்ளையள் கெட்டிக்காரர்" என்று சொல்லிக்கொண்டு உங்கள் தேநீரைக் குடியுங்கள்.

இனி வகுப்பின் மௌனம். ஒரு நாள் முழுக்க நீங்கள் கேட்கும் கேள்விகளைக் கொப்பியில் குறித்துப் பாருங்கள். "இது என்ன?", "மொத்தம் எத்தனை?", "ஆர் சொல்லுவீங்கள்?" எல்லாமே உங்களுக்கு முன்பே விடை தெரிந்த கேள்விகளாக இருக்கும். வீட்டில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. "எஞ்சினுக்கு எண்ணெய் எவ்வளவு கிடக்குதெண்டு பாரடா" என்று தகப்பன் கேட்டால், அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருக்கிறது. பிள்ளை ஓடிப்போய்ப் பார்த்துச் சொல்லும். விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுப்பி நிறுத்திக் கேட்டால் அது சோதனை. பிழைத்தால் மற்ற 23 பேரும் சிரிப்பார்கள். பேசாமல் நிலத்தைப் பார்ப்பதுதான் புத்தி என்று பிள்ளை நினைப்பதில் என்ன பிழை?

ஹவாய்த் தீவுகளிலும் 1970களில் இதே தலையிடிதான். அங்கத்தைய பூர்வீகக் குடிப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், வகுப்பில் பேசவும் மாட்டார்கள். வீட்டில் அவர்கள் கதைக்கும் விதம் வேறு. ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் இடையில் புகுவார், மூன்றாமவர் முடித்து வைப்பார். கமேஹமேஹா ஆரம்பக் கல்வித் திட்டத்தின் ஆசிரியர்கள், வாசிப்புப் பாடத்தில் கதையைப் பற்றிப் பேசும் நேரத்தை அந்த மாதிரியே நடக்க விட்டார்கள். கை உயர்த்தத் தேவையில்லை, ஒருவர் பேச்சில் மற்றவர் சேரலாம். பிள்ளைகள் வாய் திறந்தார்கள், வாசிப்பும் முன்னேறியது.

நீங்களும் செய்து பாருங்கள். பாடப்புத்தகக் கதையை வாசித்த பிறகு ஆறு ஆறு பேராக நிலத்தில் வட்டமாக இருத்துங்கள். நீங்களும் நிலத்தில் இருங்கள். "இவனுக்கு ஏன் இவ்வளவு கோவம் வந்தது? எனக்கு விளங்கேல்லை" என்று தொடங்கிவிட்டுப் பேசாமல் இருங்கள். சத்தம் வரும், அதிபர் எட்டிப் பார்ப்பார். முன்கூட்டியே அவரிடம் ஒரு சொல் சொல்லிவைத்தால் நல்லது. உரத்த குரலை மரியாதைக் குறைவென்று எடுக்காதீர்கள். காற்றையும் எஞ்சினையும் மீறிக் கூப்பிட்டுப் பழகிய வீட்டில் எல்லாருக்கும் குரல் அப்படித்தான் இருக்கும்.

கணக்குக்கு வருவோம். இதில்தான் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில், சந்தையில் பொருள் விற்கும் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 1985இல் வெளிவந்த ஆய்வு அது. 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் முடிவைப் பாருங்கள். சந்தையில் கேட்டபோது நூற்றுக்கு 98 சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் இலக்கங்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. அதிலே தேங்காய் விற்கும் 12 வயதுப் பிள்ளை ஒன்று. ஒரு தேங்காய் 35, பத்துத் தேங்காய் எவ்வளவு? "மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நாலு வேணும்" என்று போய், 315ஐத் தொட்டு, 350 என்று முடித்தது. பத்தால் பெருக்கினால் ஒரு பூச்சியம் போட்டால் சரி என்ற பள்ளிக்கூட வழியால் அது போகவே இல்லை. ஆனால் விடை சரி, அதற்குப் போன வழியும் சரி.

உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் கரையில் ஏலம் கூறுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் வாயால் கேளுங்கள்: ஒரு கோர்வை மீன் 150 ரூபாய், நாலு கோர்வை எவ்வளவு? யாராவது ஒரு பிள்ளை "600" என்று சொல்லும். அதோடு விட்டுவிடாதீர்கள். "எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேளுங்கள். இது உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வி, பிள்ளைக்கும் அது தெரியும். "ரெண்டு கோர்வை 300, மற்ற ரெண்டும் 300" என்று சொன்னால் சொன்னபடியே எழுதுங்கள்: 150 + 150 = 300, 300 + 300 = 600. அதற்குப் பக்கத்தில் 150 × 4 என்று எழுதி, வழமையான முறையில் செய்து காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஏன் ஒரே விடை வருகிறது என்று அந்தப் பிள்ளையே மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் செய்வதில்லை. வகுப்பில் மீன்கடை போட்டு, சிரித்து விளையாடி, மணி அடித்ததும் கலைந்துவிடுவார்கள். பிள்ளைக்குச் சந்தோசம்தான், பெருக்கல் மட்டும் வந்திருக்காது. அமெரிக்கப் பேராசிரியர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் பண்பாட்டோடு பொருந்திய கற்பித்தலுக்கு இலக்கணம் சொன்னபோது, பிள்ளைகள் உண்மையாகவே படிப்பில் தேற வேண்டும் என்பதை முதல் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தார். ஆகவே புலமைப்பரிசிலுக்கும் இதற்கும் பகை இல்லை. இரண்டு வருடம் போதிய காலம்.

பண்பாட்டு நாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வேட்டியும் சேலையும் கொக்குவிலிலும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத எதுவும் அன்றைக்கு வகுப்புக்குள் வரவில்லையே. அடுத்த முறை சுற்றாடல் பாடத்தில் காற்றும் மழையும் வரும்போது, முற்றத்தில் ஒரு வட்டம் கீறித் திசைகளைக் குறியுங்கள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எந்தெந்தப் பக்கமிருந்து வீசும், எந்த மாதத்தில் தொடங்கும், எந்தக் காற்றில் அப்பா கடலுக்குப் போகமாட்டார் என்று அவர்கள் உங்களுக்குப் படிப்பிக்கட்டும். எல்லாருக்கும் தெரிந்திருக்காது. தெரியாதவர்கள் வீட்டில் கேட்டு வரட்டும், அதுதான் வீட்டுவேலை. அதிபரின் அனுமதியோடு ஒரு தாத்தாவை அழைத்து வலை பொத்திக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு நாற்காலி போடுங்கள், "ஐயா" என்று கூப்பிடுங்கள். அந்தப் பேரப்பிள்ளை அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

வராமல் நிற்கும் பையனை வகுப்புக்கு முன்னால் விசாரிக்காதீர்கள். வந்த நாளில் "வந்திட்டீங்கள், நல்லது" என்பதோடு நிறுத்தி, விட்டுப்போன பாடத்தைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியில் பார்த்து எழுத விடுங்கள். பிறகு இன்னோர் ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். காலை வேண்டாம், படகு வந்து மீன் விற்கிற நேரத்தில் யாருக்கும் கதைக்க நேரம் இருக்காது. பின்னேரம் போங்கள். முறைப்பாட்டோடு போகாமல், பையன் நன்றாகச் செய்த ஒன்றைக் கையில் கொண்டு போங்கள், ஒரு சித்திரம் என்றாலும் சரி. தேத்தண்ணி தந்தால் கட்டாயம் குடியுங்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று நீங்கள் மறுத்தால் அந்த வீட்டில் அது எப்படி எடுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அரிசோனாவின் டூசன் நகரில் 1990களின் தொடக்கத்தில், லூயிஸ் மோல் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஆசிரியர்கள் மெக்சிக்கோ வழிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போனார்கள். புத்தி சொல்வதற்கல்ல, அந்த வீடுகளில் என்ன அறிவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு. ஒரு பையன் அயலில் மெக்சிக்கோ மிட்டாய் விற்பது தெரியவந்தது. மிட்டாயையே பாடமாக்கினார்கள், ஒரு தாய் வகுப்புக்கு வந்து செய்து காட்டினார்.

ஆனால் பையன் இரவில் தொழிலுக்குப் போவதால்தான் பகலில் தூங்குகிறான் என்று தெரிந்தால், "அது அவர்கள் பண்பாடு" என்று விட்டுவிட ஏலாது. 5 முதல் 16 வயது வரை பாடசாலைக்குப் போவது நாட்டின் சட்டம். அதிபரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் பேசலாம். ஆனால் தாயிடம் ஒரு சொல் கதைக்காமல் நேரே அங்கே போக வேண்டாம். இழுவைப் படகு வலையை அறுத்து, வீட்டில் வருமானம் நின்ற கிழமையாகவும் அது இருக்கலாம்.

அந்தத் தாய்மார் கூட்டத்துக்கு வராததைப் பொறுப்பில்லாமை என்று எண்ணிவிடாதீர்கள். போர் முடிந்தது 2009இல். உங்கள் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், தாய்மாரில் பலர் அதற்குள் வளர்ந்தவர்கள். இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் கொட்டிலிலும் படித்து, இடையில் விட்டவர்களும் இருப்பார்கள். பள்ளிக்கூடத்து நாற்காலியில் இருந்து குற்றம் கேட்பதற்கு யாருக்குத்தான் விருப்பம்? அடுத்த கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்ற முடியுமா என்று அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். "எனது தந்தை" என்ற கட்டுரையையும் ஒத்திவையுங்கள். கடலில் போனவர், வெளிநாட்டில் இருப்பவர், விட்டுப் போனவர் என்று எத்தனை வீடுகளில் என்ன கதை இருக்கிறதோ. "எனக்குப் பிடித்த ஒருவர்" என்று கொடுத்தால் அம்மம்மாவைப் பற்றியும் எழுதலாம், படகைப் பற்றி எழுதினாலும் நான் புள்ளி கொடுப்பேன்.

அந்தோனியார் திருநாள் யூன் 13. அதற்கு அடுத்த நாள் சோதனை வைக்காதீர்கள். திருநாளுக்கு அழைத்தால் போங்கள். வகுப்பில் வாணி விழா நடக்கும்போது கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒதுங்கி நின்றால் இழுத்துவிட வேண்டாம், நிற்க வசதியான இடமும் செய்ய ஒரு வேலையும் கொடுங்கள். இடாப்பில் உள்ள நீளமான பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். வீட்டுப் பெயரால் கூப்பிடுவதென்றால் பிள்ளையிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

கடைசியாகக் கெட்ட வார்த்தை. முதலில் அது கெட்ட வார்த்தைதானா என்று உறுதி செய்யுங்கள். கரையில் சாதாரணமாகப் புழங்கும் சில சொற்கள் கொக்குவில் காதுக்குக் காரமாக இருக்கும். பாடசாலையில் உணவு சமைக்கும் அம்மா அந்த ஊர்க்காரியாகத்தான் இருப்பார், அவரிடம் கேளுங்கள். வெட்கப்பட்டுச் சிரிப்பார், ஆனால் சொல்லுவார். உண்மையிலேயே கெட்ட வார்த்தை என்றால், அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, "இந்தச் சொல் எங்கட வகுப்பில வேண்டாம்" என்று ஒரு தரம் சொன்னால் போதும். "வீட்டில இதைத்தான் பழக்கினவையோ?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.