சுங்க வரி கட்ட இன்னொரு கடனா?

கேள்வி: என் கணவரின் அக்காவுக்கு (அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்) ஃபேஸ்புக்கில் லண்டன் பொறியாளர் ஒருவர் பழக்கம். அவர் அனுப்பிய பார்சலில் நகையும் பவுண்டு நோட்டும் இருப்பதாகவும், கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. சுங்கத்தில் அது மாட்டிக்கொண்டதாகவும் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் பேசினார். முதலில் 2,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். அடுத்து அண்ணியின் கிரெடிட் கார்டிலிருந்து 6,500. மூன்று வாரத்துக்கு முன் என் சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்து 9,000. இப்போது 'பணமோசடித் தடுப்புச் சான்றிதழ்' எடுக்க 16,000 கேட்கிறார்கள். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இதைக் கட்டாவிட்டால் போட்டதெல்லாம் போய்விடும் என்று அண்ணி அழுகிறார். வங்கியில் தனிநபர் கடன் எடுப்பதா, மாதாமாதம் பலர் சேர்ந்து பணம் போடும் கூட்டில் முன்கூட்டியே எடுப்பதா? என் சம்பளம் 2,700 வெள்ளி.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். ஒரு வெள்ளிகூட இனி கட்டாதீர்கள்.

உங்களுக்கே சந்தேகம் இருக்கும்போது இது மோசடியா என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று ரசீதுப் படங்களை மட்டும் சொல்கிறேன். மூன்றிலும் மேலே சுங்கத் துறையின் சின்னம் இருக்கிறது. கீழே பணம் போடச் சொன்ன கணக்குகளோ மூன்று தனி ஆட்களின் பெயரில், மூன்று வெவ்வேறு வங்கிகளில். சுங்கத் துறை தனி ஆள் கணக்கில் வரி வாங்குவதே இல்லை. வரி என்பது பொருளின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒரே தடவையாகப் போடுவது, வாரம் ஒரு பெயரில் ஏறிக்கொண்டே போகாது. 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையக் கொள்முதலுக்கு 10 சதவீத வரி வந்தது உண்மைதான். அதையும் விற்பவரே விலையோடு சேர்த்து வாங்கிவிடுகிறார். பார்சலை விடுவிக்கப் பணமோசடித் தடுப்புச் சான்றிதழ் என்று விலைக்கு வாங்கும் காகிதமே கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டைக் கெடுப்பது அந்த லண்டன்காரர் மட்டுமல்ல. போன பணத்தை மீட்க இன்னொரு கடன் வாங்கும் பழக்கம்தான் கெடுக்கிறது. 2,800 போனபோது அது வெறும் சேமிப்பு. அதை மீட்கப் போய்க் கார்டு கடன் வந்தது. கார்டு கடனை மீட்கப் போய் உங்கள் கழுத்துச் சங்கிலி போனது. மோசடிக்காரர்களுக்கு இந்த மனசு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு தொகையையும் அதைக் கணக்குப் பண்ணித்தான் கேட்கிறார்கள். 16,000 கட்டினால் அடுத்து 25,000-க்கு ஒரு காரணம் வரும்.

கணக்கைப் பாருங்கள். இதுவரை போனது 18,300. அடகுக் கடையில் மாதம் 2 சதவீதம் என்றால் 9,000-க்கு வட்டி மட்டும் மாதம் 180. கார்டில் ரொக்கமாக எடுத்த 6,500-க்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வைத்தால் மாதம் சுமார் 100. இதற்கு மேல் 16,000 தனிநபர் கடன், முழு அசலுக்கும் ஆண்டுக்கு 8 சதவீதம் நிலையான வட்டி, ஐந்து வருடம் என்று வையுங்கள்: வட்டி 6,400, மாதத் தவணை ஏறக்குறைய 370. மூன்றும் சேர்ந்தால் மாதம் 650. உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி! அப்போதும் நகையின் அசலில் ஒரு காசு குறைந்திருக்காது.

கூட்டுப் பணத்தையும் தொடாதீர்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நடத்துவதே குற்றம். நடுவில் தகராறு வந்தால் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்?

இன்றே அண்ணியைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய வங்கி விவரம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், எதையும் அழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண், பணம் அனுப்பிய சூட்டோடு அழைத்தால்தான் அதிகம் பலன் தரும். மூன்று வாரம் ஆகிவிட்டதால் உங்களுக்குப் பெரிய நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த மூன்று கணக்குகளும் போலீசுக்குத் தெரிய வேண்டும். சந்தேகக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்களை நீங்களும் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட கணக்குகளில் பல, சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டை வாடகைக்கு விட்ட இளைஞர்களுடையவை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள், மாட்டுவது அவர்கள்தான்.

இன்னும் ஒரு ஆள் வருவார். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், வழக்கறிஞர் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்பார். அவரும் அதே கும்பலாக இருக்கலாம். அதேபோல, ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) ஃப்ளெக்சிபல் கணக்கிலிருந்து எடுத்து, வெளிநாட்டு நாணயம் வாங்கி விற்கும் ஃபாரெக்ஸ் செயலியில் போட்டு நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்று உங்கள் தோழி சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதன் பக்கமே போகாதீர்கள். இந்த மாதிரிச் செயலிகளைப் பற்றி வாரம் ஒரு கடிதமாவது எனக்கு வருகிறது.

அண்ணியின் கார்டு கடனுக்குக் கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே. போகச் சொல்லுங்கள். ஆலோசனை இலவசம், வங்கியோடு பேசித் தவணையை ஒழுங்குபடுத்தித் தருவார்கள். உங்கள் நகைக்கு அவர் மாதம் 300 வெள்ளியாவது உங்களிடம் தரட்டும், அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரரிடம் எழுதி வாங்குவதா என்று கூச்சப்பட வேண்டாம், அழுகைக்கு இரங்கி நகையைக் கழற்றிக் கொடுத்தது நீங்கள். சங்கிலியும் வளையலும் தனித்தனி அடகுச் சீட்டில் இருந்தால் முதலில் சின்னத் தொகைக்கு வைத்ததை மீட்டுவிடுங்கள். வட்டி அந்த அளவுக்குக் குறையும். சீட்டில் போட்டிருக்கும் கடைசித் தேதியை இன்றைக்கே பார்த்துக் குறித்து வையுங்கள்.