டெத் நோட், அட்டாக் ஆன் டைட்டன், நருட்டோ எல்லாம் முடித்தாயிற்று. அடுத்து என்ன அனிமே பார்க்கலாம்?

"மூன்றையும் முடித்துவிட்டேன், இணையத்தில் கிடைக்கும் டாப் 50 பட்டியல்களில் எதைத் தொட்டாலும் இரண்டு எபிசோடுக்கு மேல் ஓடவில்லை" என்று கேள்வியின் கீழே எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்த வியாதி வந்து போனது. நருட்டோவின் 220, அதன் தொடர்ச்சியான ஷிப்புடெனின் 500 என்று 720 எபிசோடு முடித்தவுடன் மண்டைக்குள் ஒரு வெறுமை வரும். அதில் கதையோடு சம்பந்தமில்லாத ஃபில்லர்களைத் தாண்டத் தெரியாமல் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு ஒரே ஆள் இயக்கியது. 2006-ல் வந்த டெத் நோட், 2013-ல் வந்த அட்டாக் ஆன் டைட்டன் முதல் சீசன், இரண்டுக்கும் இயக்குநர் டெட்சுரோ அராகி. டெத் நோட் நாயகன் லைட் யாகாமி உருளைக்கிழங்கு சிப்ஸ் எடுத்துத் தின்பதைப் போர்க்களக் காட்சி மாதிரி எடுத்தாரே, அந்த ஆள்தான் பிறகு டைட்டன்களையும் கயிற்றில் பறக்கும் வீரர்களையும் எடுத்தார். உங்களுக்குப் பிடித்தது பேயோ ராட்சசனோ இல்லாமல், அந்த ஆளுடைய கைவேகமாகக்கூட இருக்கலாம். படத்துக்குப் போகும்போது இயக்குநர் யார் என்று கேட்கிற நாம், அனிமே என்றதும் 'ஆக்‌ஷனா, ரொமான்ஸா' என்று கேட்கிறோம். நான் இயக்குநர் பேரைப் பிடித்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பாதியில் நிறுத்துவது குறைந்தது.

முதல் பேர் சதோஷி கோன். 2010-ல் 46 வயதில் புற்றுநோயில் இறந்துவிட்டார். எடுத்து முடித்த முழுநீளப் படங்கள் நான்கே நான்கு: பெர்ஃபெக்ட் ப்ளூ (1997), மில்லேனியம் ஆக்ட்ரஸ் (2001), டோக்கியோ காட்ஃபாதர்ஸ் (2003), பாப்ரிகா (2006). எல்லாம் ஒன்றரை மணி நேரத்துப் படங்கள். நான்கையும் சேர்த்தால் ஆறு மணி நேரம்கூட வராது, ஒரு சனி ஞாயிறில் ஒரு மேதையின் மொத்தப் படங்களையும் பார்த்துவிடலாம். டெத் நோட் எடுத்த அதே மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில்தான் இந்த நான்கும் உருவாயின.

மில்லேனியம் ஆக்ட்ரஸில் ஆரம்பியுங்கள். நடிப்பை விட்டு ஒதுங்கி வாழும் ஒரு பழைய நட்சத்திரம், சியோகோ. அவளைப் பேட்டி எடுக்க ஒரு ரசிகரும் ஒரு கேமராமேனும் போகிறார்கள். அவள் பேசப் பேச, இந்த இரண்டு பேரும் அவள் ஞாபகத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள். எது அவள் வாழ்க்கை, எது அவள் நடித்த படம் என்று கோடு போட முடியாது. சின்ன வயதில் ஒரே ஒரு முறை பார்த்த ஓர் ஓவியனைத் தேடி அவள் ஓடிக்கொண்டே இருக்கிறாள். குதிரையில் கிளம்புகிறவள் அடுத்த காட்சியில் கைரிக்‌ஷாவில் போகிறாள், அதற்கடுத்து சைக்கிளில். உடையும் காலமும் மாறுகின்றன, ஓட்டம் மட்டும் அறுபடவில்லை. பேட்டி எடுக்க வந்த ரசிகர், அந்தப் பழைய படங்களில் ஒரு வேடம் போட்டுக்கொண்டு அவளைக் காப்பாற்றக் குதிப்பார். கேமராமேன் பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். நிஜ நடிகர்களை வைத்து இதை எடுத்தால் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு செட் போட வேண்டும். கோன் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் நூறு வருஷம் தாண்டுகிறார். புகழின் உச்சியில் இருந்தபோதே திரையை விட்டு விலகிய நிஜ நடிகை செட்சுகோ ஹாராவை மனதில் வைத்துத்தான் சியோகோ உருவானாள் என்பார்கள். பழைய ஜப்பானியப் படங்கள் பார்த்தவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

அப்புறம் பாப்ரிகா, டோக்கியோ காட்ஃபாதர்ஸ். பாப்ரிகாவில் அடுத்தவர் கனவுக்குள் நுழைய ஒரு கருவி, அது திருடுபோகிறது. குளிர்சாதனப் பெட்டியும் பொம்மைகளும் தவளைகளும் ஊர்வலம் போகும் காட்சியைச் சத்தம் கூட்டி வைத்துப் பாருங்கள், சுசுமு ஹிராசவாவின் இசை இரண்டு நாள் காதை விட்டுப் போகாது. பெர்ஃபெக்ட் ப்ளூவைக் கடைசியில் வையுங்கள். அது பெரியவர்களுக்கான படம். பாலியல் வன்முறைக் காட்சி உண்டு, ரத்தமும் உண்டு. ஹாலில் வீட்டார் நடமாடும் நேரத்தில் போட்டு நான் பட்ட அவஸ்தை உங்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது பேர் இசாவோ தகாஹதா. கிப்லி ஸ்டூடியோ என்றால் எல்லோரும் இயக்குநர் மியாசாகியிடம் போய் நின்றுவிடுகிறார்கள். தகாஹதா என்றாலும் கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ் பார்த்து அழுதுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் சொல்ல வருவது 1991-ல் வந்த ஒன்லி யெஸ்டர்டே. டோக்கியோவில் வேலை பார்க்கும் 27 வயது டாயெகோ, லீவு போட்டுவிட்டு யாமகாட்டா பக்கத்து ஒரு கிராமத்துக்குச் சாயப்பூ பறிக்கப் போகிறாள். கூடவே ஐந்தாம் வகுப்பில் படித்த தன் ஞாபகங்களும் வருகின்றன. கதை அவ்வளவுதான். சண்டையில்லை, வில்லன் இல்லை. அட்டாக் ஆன் டைட்டன் பார்த்தவருக்கு இதையா சொல்கிறாய் என்று கேட்பீர்கள். முதல் இருபது நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு அன்னாசிப்பழக் காட்சி வரும். 1966, வீட்டில் யாரும் முழு அன்னாசியைப் பார்த்ததில்லை. அப்பா ஒன்று வாங்கி வருகிறார். எப்படி வெட்டுவது என்று தெரியாமல் பழம் காத்திருக்கிறது. ஒரு வழியாக வெட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு துண்டு வாயில் வைக்கிறார்கள். கல் மாதிரி இருக்கிறது, இனிப்பே இல்லை. ஒவ்வொருவர் முகமாக விழுகிறது. குட்டி டாயெகோ மட்டும் பிடிவாதமாக மென்றுகொண்டே இருக்கிறாள். 'பொம்மைப் படம்' என்று திரும்பிக்கூடப் பார்க்காத என் அம்மா, அந்தக் காட்சியில் வந்து நின்று, "காயை வெட்டிட்டா எப்படி இனிக்கும்? உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருக்கலாம்ல" என்றார். அப்புறம் கடைசி வரை நகரவில்லை.

இந்தப் படத்தில் ஒரு தொழில் விஷயமும் உண்டு. ஜப்பானில் வழக்கமாகப் படத்தை வரைந்துவிட்டுத்தான் குரல் கொடுப்பார்கள். தகாஹதா பெரிய டாயெகோவின் காட்சிகளுக்குக் குரலை முதலில் பதிவு செய்து, நடிகையின் முகத்தசை அசைவதைப் பார்த்து வரைய வைத்தார். அதனால் அவள் சிரிக்கும்போது கன்னத்தில் கோடு விழும். சிலருக்கு அது வயதான முகமாகத் தெரிகிறது, எனக்கு அந்தக் கோடுதான் படத்தின் உயிர். ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். உண்மையான முடிவு அந்தப் பெயர்களோடுதான் ஓடுகிறது.

சரி, தொடர்தான் வேண்டும் என்றால் மசாகி யுவாசாவின் பிங் பாங் தி அனிமேஷன், 2014, மொத்தம் 11 எபிசோடு. கோணல்மாணலான கோடுகளைப் பார்த்து நானே ஒரு முறை மூடிவிட்டேன். இதற்கு மூலமான தாயோ மட்சுமோட்டோவின் மாங்காவிலேயே (ஜப்பானிய காமிக்ஸ்) ஓவியம் அப்படித்தான். பந்து பறக்க ஆரம்பித்ததும் அந்தக் கோணல் ஏன் என்று புரிந்துவிடும். மேசைப் பந்து ஆடும் இரண்டு சிறுவயது நண்பர்கள், பெகோவும் ஸ்மைலும். ஒருவனுக்கு வாய் நீளம், இன்னொருவன் சிரிக்கவே மாட்டான். ஆனால் எனக்குப் பிடித்தவன் காங். சீன அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டு, ஒரு ஜப்பானியப் பள்ளிக்கு ஆட வந்தவன். இந்த ஊரையும் இந்தப் பையன்களையும் ஏளனமாகப் பார்த்துக்கொண்டு வருவான், எப்படியாவது ஜெயித்து ஊர் திரும்ப வேண்டும் என்பதுதான் அவனுக்கு எல்லாம். நருட்டோவில் எதிரிக்கும் ஒரு கதை இருக்கும் என்பது உங்களுக்குப் பிடித்திருந்தால், இதில் தோற்கிற ஒவ்வொருவனுக்கும் அது உண்டு. அதுவும் 11 எபிசோடுக்குள்.

டெத் நோட்டில் லைட்டும் அவனைத் துரத்தும் 'எல்' என்ற துப்பறிவாளனும் மோதிக்கொண்டதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால் மான்ஸ்டர், 74 எபிசோடு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர் டென்மா, நகர மேயரைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் வந்த ஒரு சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன் யார் என்பதுதான் மீதிக் கதை. நடுவில் ஒரு இருபது எபிசோடு இழுக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக முஷிஷி, 2005-ல் வந்தது, 26 எபிசோடு. செடியும் இல்லாத விலங்கும் இல்லாத, சிலர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற சில உயிர்கள். அவற்றால் அவதிப்படுகிறவர்களைத் தேடி ஊர் ஊராக நடக்கும் கிங்கோ. ஒரே இடத்தில் தங்கினால் அவை அவனைச் சுற்றிக் கூடிவிடும் என்பதால் நடந்துகொண்டே இருக்கிறான். ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதை, எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். முதலில் இதையும் நான் ஒரே மூச்சில் ஆறு எபிசோடு போட்டுப் பார்த்து, சலித்துப்போய் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒன்று மட்டும் பாருங்கள். அடுத்ததை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.