வேலையிடத்தில் நடக்கும் தப்பைப் புகாராகச் சொன்னவரைக் காப்பாற்ற கம்பெனி பாலிசியில் என்ன எழுதுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அறுபது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு இப்படி ஒரு பாலிசி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், நெட்டில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. "பழிவாங்கினால் நடவடிக்கை" என்று ஒரு வரி அதில் இருக்கும், அதோடு சரி. எது பழிவாங்கல் என்று இருக்காது.

நானும் இங்கே கிடங்கு, லாரி என்று ஓடுகிற தொழிலில் எச்.ஆர். வேலைதான் பார்க்கிறேன். புகார் கொடுத்தவரை மறுநாளே யாரும் வேலையை விட்டுத் தூக்குவதில்லை. முதலில் ஓவர்டைம் பட்டியலில் அவர் பெயர் காணாமல் போகும், அப்புறம் நைட் ஷிப்ட் வாராவாரம் அவருக்கே விழும், நடுராத்திரியில் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு டாக்ஸி கிடைக்காது என்று தெரிந்தேதான் போடுவார்கள். கேட்டால் "வேலை அப்படி" என்பார்கள். இதையெல்லாம் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

ஆனால் சூப்பர்வைசரிடம் போய் "இவர் ஷிப்டில் கை வைக்காதே" என்றால் புகார் கொடுத்தது யார் என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் எல்லோருடைய ஷிப்ட், ஓவர்டைம் மாற்றமும் பொதுவாகவே எச்.ஆர். பார்வைக்கு வந்துதான் போக வேண்டும் என்று வைத்துவிடுங்கள், யாருக்கும் தெரியாமல் கவனித்துக்கொள்ளலாம். பெயர் தெரிந்தவர்கள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. 2021 ஆகஸ்டில் கவுதெங் மாகாண சுகாதாரத் துறையில் நடந்த ஊழலை வெளியே சொன்ன அதிகாரி பபிதா தியோகரனை ஜோஹன்னஸ்பர்க்கில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்களே, அதற்குப் பிறகு "பெயரை ரகசியமாக வைப்போம்" என்று வாயால் சொன்னால் இங்கே யார் நம்புவார்கள்?

புகாரை வாங்க ஒருவர் போதாது, இரண்டு பேராவது வேண்டும். குடும்பக் கம்பெனி என்றால் கணக்கு பார்ப்பது முதலாளியின் மச்சானாக இருக்கும், அவரைப் பற்றி அவரிடமே சொல்ல முடியுமா? வக்கீலிடம் ஆலோசனை கேட்கும்போது சொல்வதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதையும் ஒரு வரி சேருங்கள், பல பேருக்குத் தெரியாது.

சட்டம் என்றால், புகார் சொன்னவர்களைப் பாதுகாக்கும் Protected Disclosures Act, 2000-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்டது. புகாருக்கான வழிமுறை ஒன்றை வைத்து அதை ஊழியர்களுக்குத் தெரியப்படுத்துவது இப்போது முதலாளியின் கடமை. விசாரிக்கப் போகிறீர்களா இல்லையா என்று 21 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டில் வரும் செக்யூரிட்டி, க்ளீனிங் ஆட்களுக்கும் இது பொருந்தும், பாலிசியில் அவர்களை விட்டுவிடாதீர்கள். முதலாளி இழுத்தடித்தால் ஒன்று சொல்லுங்கள்: இப்படிப் புகார் சொன்னதற்காக ஒருவரை நீக்கினால் 24 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு கொடுக்க நேரலாம். பெரும்பாலும் அப்புறம் பேச்சே இருக்காது.

பொய் என்று தெரிந்தே கெடுதல் செய்யப் புகார் கொடுத்தால் 2 வருடம் வரை ஜெயில் என்றும் சட்டத்தில் இருக்கிறது. முதலாளிகள் அதைத்தான் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடச் சொல்வார்கள். போடாதீர்கள், கடைசியில் இரண்டு வரி போதும்.