வண்டியை எடுத்துவிட்டு நடக்க விடலாமா?

கேள்வி: எங்கள் தீம் பார்க்கில் 25 ஆண்டு பழைய டார்க் ரைடு ஒன்று இருக்கிறது. நான்கு பேர் உட்காரும் வண்டி தண்டவாளத்தில் போகும், இரண்டு பக்கமும் பொம்மைகள் அசையும். உதிரி பாகங்கள் கிடைப்பதில்லை. மாதத்தில் பல நாள் மூடியே கிடக்கிறது. வண்டியையும் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டு, அதே கட்டடத்தில் மக்கள் நடந்து போய்த் தொட்டு விளையாடும் கூடமாக மாற்றலாம் என்கிறது நிர்வாகம். செலவும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. இது சரியா? எங்கே தொடங்குவது? – பூங்கா மேலாளர் ஒருவர்

பதில்: மாற்றலாம். நன்றாகச் செய்தால் மூன்று வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து போகக்கூடிய இடமாக அது ஆகும். பார்க்கில் அப்படி எல்லோருக்குமான இடங்கள் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் செலவு குறையும் என்பதுதான் முதல் காரணம் என்றால், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் ரைடில் கிழடானது எது? வண்டியா, கதையா, கட்டடமா? மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பலகையும்தான் பிரச்சினை, உள்ளே போய் வருகிறவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள் என்றால், கட்டுப்பாட்டு முறையைப் புதிதாக்கி, வண்டிகளை மட்டும் மாற்றுவது பல சமயம் மலிவு. கதை பழசாகிவிட்டது, ஓடுகிற நாளில்கூட வரிசை இல்லை என்றால் அப்போது நடைக்கூடம் நல்ல யோசனை. கூரை ஒழுகுகிறது, தூண் அரிக்கிறது என்றால் இரண்டுமே அப்புறம்தான். கட்டடப் பொறியாளரின் அறிக்கை கைக்கு வராமல் வடிவமைப்பாளரைக் கூப்பிடாதீர்கள்.

சரி, கதைதான் பழசு என்று வைத்துக்கொள்வோம். இங்கே பெரும்பாலானவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ரைடில் வண்டி ஆட்களைச் சுமப்பது மட்டும் இல்லை. ஒரே சீராக ஆட்களை உள்ளே அனுப்புகிறது. எதை எப்போது பார்க்க வேண்டும் என்று அவர்கள் முகத்தைத் திருப்புகிறது. பொம்மைக்கும் கைக்கும் நடுவே இடைவெளியைக் காக்கிறது. வண்டியை எடுத்த அன்றே இந்த மூன்று வேலைக்கும் ஆள் இல்லாமல் போகிறது. அவற்றைச் சுவரும் வெளிச்சமும் தரையும் பணியாளரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். எந்தத் தொழில்நுட்பம் வாங்குவது என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் கேள்வி.

கூட்டக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வண்டி 16 நொடிக்கு ஒன்று நிறைந்து கிளம்பினால் மணிக்கு 225 வண்டி, 900 பேர். நடைக்கூடத்தில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. கட்டடத்துக்குள் ஒரே நேரத்தில் 150 பேர் வசதியாக இருக்கலாம், ஒருவர் சராசரியாக 15 நிமிடம் உள்ளே இருக்கிறார் என்றால் மணிக்கு 600 பேர் போய் வரலாம். உள்ளே எல்லாம் பிடித்துப்போய் 20 நிமிடம் நின்றுவிட்டால் அதே கட்டடம் 450 பேரைத்தான் தாங்கும். அதாவது அனுபவம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு கொள்ளளவு குறையும். முன்பு வண்டியில் போன 900 பேரில் மிச்சமாகும் 450 பேர் பக்கத்து ரைடுகளின் வரிசையில்தான் போய் நிற்பார்கள். அந்த ரைடுகளால் அதைத் தாங்க முடியுமா என்று இப்போதே பாருங்கள். மழை வந்தால் நிலைமை இன்னும் கடினம். உள்ளே போனவர்கள் வெளியே வர மாட்டார்கள். ஆகவே நுழைவிலும் வெளியேற்றத்திலும் தலை எண்ணும் கருவியும், கணக்கைப் பார்த்து வாசலை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒரு பணியாளரும் கட்டாயம்.

இதைவிடச் சிக்கலானது உள்ளே இருக்கும் ஒவ்வொரு விளையாட்டும். ஒரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். சுவரில் ஒரு பித்தளைச் சக்கரம். சுற்றினால் எதிரே ஓவியத்தில் கப்பல் நகர்கிறது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி சுற்ற ஆரம்பிக்கிறாள். கப்பல் நகர்ந்ததும் அவளுக்கு விட மனசில்லை. பின்னால் அப்பா கைபேசியில் படம் எடுக்கிறார். அவர் பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு குடும்பம், அவர்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக் குழு. ஒருவர் 40 நொடி எடுத்துக்கொண்டால் அந்தச் சக்கரம் மணிக்கு 90 பேருக்குத்தான் வேலை செய்யும். உங்களிடம் வருவது 600 பேர். ஏழு சக்கரம் வேண்டும், இல்லையென்றால் மீதிப் பேர் ஏமாந்து நகர்வார்கள். அந்தப் பெண்ணை அவசரப்படுத்துவது தீர்வு ஆகாது. அவள் முகத்தில் வரும் அந்த வெளிச்சத்துக்காகத்தானே இவ்வளவு செலவு செய்கிறீர்கள்.

இதற்கு வழிகள் உண்டு. ஒரே விளையாட்டில் பலர் ஒரே சமயத்தில் கை வைக்க முடிய வேண்டும்: ஒரு நீள மேசை, ஒரு முழுச் சுவர், ஒரு தரை. ஒருவர் செய்வதை நின்று பார்ப்பவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றினால் கப்பல் சின்னத் திரையில் நகராமல் தலைக்கு மேலே கூரையெங்கும் நகரட்டும். நேரம் பிடிக்கும் புதிர்களை நடைபாதையிலிருந்து விலக்கிப் பக்க அறைகளில் வையுங்கள். விருப்பமுள்ளவர் அங்கே தங்கட்டும், மற்றவர் தாண்டிப் போகட்டும்.

விளையாட்டுக்கு விளக்கப் பலகை தேவைப்பட்டால் அது பாதி தோற்றுவிட்டது என்றே நான் நினைக்கிறேன். கைப்பிடியைப் பார்த்தாலே இழுக்கத் தோன்ற வேண்டும். இழுத்த உடனே, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், ஏதாவது நடக்க வேண்டும். ஒரு ஒலியோ ஓர் அதிர்வோ போதும். தாமதமானால் மக்கள் ‘ரிப்பேர் போல’ என்று இன்னும் பலமாக இழுப்பார்கள், உண்மையிலேயே ரிப்பேராகிவிடும்.

திரைகளும் கண்ணில் படும் கருவிகளும் இல்லாமலும் இது முடியும் என்பதற்கு ஃப்ளோரிடாவில் எப்காட் என்ற டிஸ்னி பூங்காவில் இருக்கும் ‘ஜர்னி ஆஃப் வாட்டர்’ நல்ல சான்று. இன்னவென்ஷன்ஸ் என்ற பழைய காட்சிக்கூடத்தின் மேற்குப் பகுதி இருந்த இடத்தில் 2023 அக்டோபரில் திறந்த நடைபாதை அது. கையை நீட்டினால் தண்ணீர் எழுகிறது, தாரைகளைத் தொட்டால் இசை வருகிறது. உள்ளே சென்சார்கள் உண்டுதான். ஆனால் வருகிறவர் கண்ணில் படுவது தண்ணீர் மட்டும்தான். எந்த மொழிக்காரருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய பொம்மைகளை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மூன்று மீட்டர் தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில், ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பதற்காகச் செய்தவை அவை. பக்கத்தில் நின்று பார்த்தால் பின்புறத்து மரச்சட்டமும் பெயிண்ட் உரிந்த இடமும்தான் முதலில் தெரியும். கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள எதுவும் இழுக்கப்படும், ஏறப்படும், சுரண்டப்படும். அந்த உயரம்வரை கெட்டியான ஃபைபர் கிளாஸ், உலோகம், கடின மரம்தான் நிற்கும். நல்ல சில பொம்மைகளைக் கைக்கு எட்டாத உயரத்தில் ஏற்றி வையுங்கள். பழைய ரைடை நேசித்தவர்கள் அவற்றைத் தேடி வருவார்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1962-ல் திறந்த மரவீடு 1999-ல் டார்சான் மரவீடாக மாறியது. 2023 நவம்பரில் மறுபடி புதிய வடிவில் திறந்தபோது முதல் மரவீட்டை நினைவூட்டும் பெரிய நீர்ச்சக்கரம் வாசலில் வந்துவிட்டது. பழசுக்கு இப்படி ஓர் இடம் கொடுப்பது மரியாதை. வியாபாரத்துக்கும் நல்லதுதான்.

இனிமேல் சொல்வதை நிர்வாகக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில், ஹாண்டட் காஸில் என்ற பேய்வீட்டு நடைக்கூடத்தில் தீப்பிடித்து 8 இளவயதினர் இறந்தார்கள். டிரெய்லர் பெட்டிகளைச் சேர்த்து அமைத்த கூடம் அது. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. இருட்டும் வளைவுகளும் புகையும் சேர்ந்து வழி தெரியாமல் போயிற்று. இதன் பிறகுதான் அமெரிக்காவில் இத்தகைய கட்டடங்களுக்கான விதிகள் இறுகின. இன்று என்.எஃப்.பி.ஏ. 101 என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு இவற்றைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது: ஸ்பிரிங்க்ளர் வேண்டும், புகையறியும் கருவி வேண்டும், எச்சரிக்கை எழுந்ததும் வழி தெரியும் அளவுக்கு விளக்கு எரிந்து, குழப்பும் ஒலியும் காட்சியும் நிற்க வேண்டும். உங்கள் ஊர் விதி எதுவானாலும் இதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டடத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். ரைடாக இருந்தவரை உள்ளே எத்தனை பேர் என்பதை வண்டி இருக்கைகள் தீர்மானித்தன. இப்போது அதைவிடப் பல மடங்கு பேர், தாங்களாகவே திரிந்துகொண்டு. அப்போது வாங்கிய தீயணைப்பு அனுமதி இதற்குச் செல்லும் என்று நினைக்காதீர்கள். வரைபடம் போடும் முன்பே தீயணைப்பு அதிகாரியை உள்ளே கூட்டிப்போய் நடக்க வையுங்கள். அலங்காரத்துக்கு வரும் ஒவ்வொரு நுரையும் துணியும் பிளாஸ்டிக்கும் தீச்சோதனைச் சான்றோடு வரட்டும். பயந்தோ களைத்தோ நடுவில் வெளியேற நினைப்பவருக்குச் சங்கடமில்லாத ஒரு வழியும் வேண்டும்.

தண்டவாளப் பள்ளத்தை என்ன செய்வது என்பதும் சின்ன விஷயம் இல்லை. நிரப்பலாம், ஆனால் அதை மூடி உயர்தளம் போட்டால் அடியில் மின்கம்பிகளை ஓட்டவும், பிறகு திறந்து பழுது பார்க்கவும் முடியும். இரண்டாவதுதான் என் விருப்பம். எந்த ஏற்றமும் 12-க்கு 1 என்ற சரிவை, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரத்தை, தாண்டக் கூடாது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் இடம் வேண்டும். கைப்பிடிகளில் சிலவாவது உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் இருக்கட்டும், அப்படியென்றால் குழந்தைகளுக்கும் எட்டும். வண்டியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இனி நிற்கப்போகிறார்கள் என்பதால் நடுநடுவே இருக்கைகள் போடுங்கள். பழைய கட்டடத்தில் படிகளை மாற்றவே முடியாத இடம் இருந்தால், மாடி ஏற முடியாதவருக்கு அதே கதையைக் கீழே காட்டும் அறை ஒன்றாவது தேவை. டிஸ்னிலேண்டின் ஸ்லீப்பிங் பியூட்டி கோட்டை நடைவழி 2008-ல் மறுபடி திறந்தபோது அப்படித்தான் செய்தார்கள்.

இப்போது செலவுக்கு வருவோம். மெக்கானிக் வேலை குறையும், உண்மை. அந்த இடத்தில் புரொஜெக்டர், கணினி, ஒலி, சென்சார் பார்க்கும் ஆள் தேவைப்படுவார். லேசர் புரொஜெக்டரின் ஒளி சுமார் 20,000 மணி நேரம் தாங்கும் என்று வைத்தால், ஆண்டுக்கு 3,000 மணி ஓடும் பார்க்கில் ஆறேழு ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். கணினிகள் அதற்கு முன்பே. கை படும் எல்லாவற்றையும் தினமும் துடைக்க வேண்டும். உள்ளே நின்று பேசி, கதைக்குள் இழுத்து, கூட்டத்தை மெல்ல நகர்த்தும் பணியாளர்கள் வேண்டும். இவர்களைக் குறைத்தால் வண்டி செய்த வேலை மறுபடி அனாதையாகும். ஒரு விளையாட்டு பழுதானால் மற்றவை பாதிக்காதபடி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓட வேண்டும். நின்றுபோன நிலையிலும் பார்க்க அழகான பொருளாக இருக்க வேண்டும். ‘பழுது’ அட்டை தொங்கும் சுவரைப்போல மனசைக் கெடுப்பது வேறில்லை.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு மலிவான வேலை இருக்கிறது. காலியாக உள்ள கொட்டகையில் தரையில் டேப் ஒட்டி அறைகளை வரையுங்கள். பிளைவுட்டிலும் அட்டையிலும் சுவர், சக்கரம், கைப்பிடி செய்து வையுங்கள். பணியாளர்களின் குடும்பங்களை, பாட்டி தாத்தா உட்பட, வரச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நொடி நிற்கிறார்கள், எங்கே குழம்புகிறார்கள், எதைத் திரும்பி வந்து தொடுகிறார்கள் என்று எழுதுங்கள். எதையும் விளக்காதீர்கள், பாருங்கள் மட்டும். அங்கே கிடைக்கும் நொடிக் கணக்கை மேலே சொன்ன 150 பேர் கணக்கில் போட்டுப் பார்த்தால், நிர்வாகத்தின் திட்டம் நிற்குமா என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும்.

நின்றால், மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது திறந்த பிறகு செய்யும் திருத்தங்களுக்கென ஒதுக்கி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிஜமான கூட்டம் வந்தபின் இரண்டு சுவரை நகர்த்த வேண்டியிருக்கும், யாரும் தொடாத ஒரு விளையாட்டைத் தூக்கிவிட்டு வேறு வைக்க வேண்டியிருக்கும். அந்தத் தொகையைத் திறப்புவிழா விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள மட்டும் விடாதீர்கள்.