ஸ்விஃப்டுக்கு டர்போ கேட்கும் மகன்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வீட்டில் இருக்கும் 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு டர்போ போட்டால் இன்ஜின் தாங்குமா என்பது ஒன்று. டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறவன் கார், கார் என்றே திரிகிறானே, உருப்படுவானா என்பது இன்னொன்று. முதல் கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் இரண்டாவதற்கும் வழி தெரியும்.

என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக ஒரு பிஸ்டன் இருக்கிறது. பழைய மாணவன் ஒருவன் கொண்டுவந்து வைத்தது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையங்களில் மேல் ரிங் உட்காரும் பள்ளத்தை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். தேய்மானம் இல்லை, உடைசல். டர்போ போட்ட மூன்றாவது மாதம், ஏசியோடு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதித்திருக்கிறான். பின்னால் நீலப் புகை. இன்ஜினின் மூடியான ஹெட்டை இறக்கி, பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தால் இந்தக் கோலம். டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அப்படியே கழற்றி விற்றுவிட்டான்.

ஏன் உடைந்தது? சாதாரண இன்ஜின் வெளிக்காற்றின் அழுத்தத்தில், அதாவது சுமார் 14.7 பிஎஸ்ஐயில், மூச்சு இழுக்கிறது. டர்போ என்பது சைலன்சருக்குப் போகும் சூடான புகையால் சுழலும் காற்றுப் பம்பு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அது கொடுக்கும் கூடுதல் அழுத்தத்துக்குப் பூஸ்ட் என்று பேர். 6 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தாலே கணக்குப்படி 40 சதவீதம் காற்று கூடுதலாக உள்ளே வரும். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். ஆனால் டர்போ இல்லாத காரில் வரும் சென்சார் பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் வரும் பூஸ்ட், பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கம்ப்யூட்டரான இசியூவின் கண்ணில் படாது. பெட்ரோல் குறையும், சிலிண்டருக்குள் சூடு ஏறும். போதாததற்கு, இந்த இன்ஜின்களில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை நசுக்கும் அளவு, ஏற்கெனவே அதிகம். ஸ்பார்க் கொளுத்திய தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். சுத்தியலால் பிஸ்டன் தலையில் தட்டுவது மாதிரி. அந்தச் சூட்டில் ரிங்கும் விரிந்து, இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டால் சிலிண்டர் சுவரில் இறுகிப் பள்ளத்தின் விளிம்பைப் பெயர்த்துவிடும். என் மாணவன் டேஷ்போர்டில் பூஸ்ட் மீட்டர் வைத்திருந்தான். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர் வாங்கவில்லை. "அது காசு சார்" என்றான்.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டவைதான். 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் டர்போவோடு வந்தது. கம்ப்ரஷனைக் குறைக்க மனமில்லாமல் 10.25-க்கு 1 என்றே வைத்துவிட்டு, நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே பீய்ச்சினார்கள். வாங்கியவர்கள் அந்த டப்பாவை நிரப்ப மறந்தார்கள். தொல்லை தாங்காமல் பலர் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டருக்கே மாறினார்கள். நம் ஊரில் மாருதி 2017-இல் பலேனோ ஆர்எஸ் விட்டபோது, கையில் இருந்த 1.2 லிட்டர் இன்ஜினில் டர்போவை மாட்டவில்லை. டர்போவுக்கென்றே உருவான 1 லிட்டர், மூன்று சிலிண்டர் பூஸ்டர்ஜெட் இன்ஜினைப் போட்டார்கள், 102 பிஎஸ் பவர்.

அப்படியானால் தாங்கவே தாங்காதா? தாங்கும். பூஸ்டைக் குறைவாக வைத்து, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் போட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரிதாகவும் சென்சாரைப் பூஸ்டை அளப்பதாகவும் மாற்றி, பவரை அளக்கும் டைனோ மெஷினில் நிறுத்தி இசியூவை நிதானமாக டியூன் செய்து, ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் வருடக்கணக்கில் ஓடும். ஆனால் உங்கள் மகன் சொல்லும் டர்போ கிட் விலையில் இதில் பாதிகூட அடங்காது. கிளட்ச், பிரேக் செலவு தனி. இருக்கிற இன்ஜினின் உடல்நிலையை வேறு முதலில் பார்க்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிக்குவது உரிமையாளர். ஆர்சி உங்கள் பேரில்தானே இருக்கிறது? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கப்போகும் கேள்வியையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பையன் விஷயம். அவனைத் திட்ட வேண்டாம். ஒரு வேலை கொடுங்கள். நான்கு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, வந்த எண்களை நோட்டில் எழுதட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் ஏன் என்று அவனே கண்டுபிடிக்கட்டும். பிறகு, 6 பிஎஸ்ஐக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும், இப்போதைய இன்ஜெக்டர் அதைக் கொடுக்குமா என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டே நாளில் சலித்துப் போனால் அவனுக்குப் பிடித்தது டர்போவின் விசில் சத்தம்தான்; அதிலும் தப்பில்லை, பிழைப்புக்கு வேறு பார்க்கலாம். ராத்திரி பத்து மணிக்கும் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தால் கதை வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு காலிபரேஷன் இன்ஜினியர் என்றே ஒரு வேலை இருக்கிறது. இசியூவுக்குள் இருக்கும் எண்களை டெஸ்ட் பெஞ்சிலும் ரோட்டிலும் சரிசெய்கிற வேலை. சென்னையைச் சுற்றியுள்ள கார் கம்பெனிகளின் ஆராய்ச்சி மையங்களுக்கு இவர்கள் தேவை. மின்சாரக் கார் வந்தால் பெட்ரோல் போய்விடும், அளந்து பார்த்து எண்ணைத் திருத்தும் வேலை போகாது.

டிப்ளமோ முடித்ததும் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாணவர்களே ரேஸ் கார் கட்டும் போட்டி அது. 710 சிசி வரை இன்ஜின், காற்று போகும் வழியில் பெட்ரோல் காருக்கு 20 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும். அந்தக் கட்டுக்குள் டர்போவும் போடலாம், போலீஸும் பிடிக்காது! இந்தியப் போட்டியான ஃபார்முலா பாரத் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. ஈரோட்டிலிருந்து உங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம். அடுத்த முறை நடக்கும்போது அழைத்துப் போய் வாருங்கள்.

அந்த நோட்டின் முதல் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை கார் சாவி உங்களிடமே இருக்கட்டும்.