வீட்டுக்குள் பறவை வந்துவிட்டால்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஹாலுக்குள் கொண்டைக்குருவி ஒன்று வந்துவிட்டது. வாசல் திறந்திருந்தும் கூரையையே சுற்றுகிறது. துடைப்பத்தால் விரட்டலாமா?

பதில்: துடைப்பம் வேண்டவே வேண்டாம். முதல் வேலை, ஃபேனை நிறுத்துவது. சுவிட்சை அணைத்த பிறகும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். முழுசாக நிற்கும்வரை யாரும் அசையாதீர்கள். நம் வீடுகளில் குருவிக்குப் பெரிய எமன் அதுதான்.

பயந்த பறவை மேலே போகும், வெளிச்சத்தைத் தேடிப் போகும். கூரை பத்தடி, வாசல் ஏழடி என்றால் மேலே மூன்றடிக்குள் சுற்றுகிற குருவிக்கு வாசல் காலடியில் கிடக்கிறது. கீழே ஆள் நிற்கும்வரை அது இறங்காது. அதனால் லைட்டுகளை அணைத்து, உள்கதவுகளைச் சாத்தி, திரைகளை இழுத்துவிடுங்கள். திரை இல்லாத கண்ணாடிக்கு செய்தித்தாள் போதும். வாசலோ, கம்பி இல்லாத ஜன்னலோ, ஒரே ஒரு வழியில் மட்டும் வெளிச்சம் தெரியட்டும். பிறகு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பெரும்பாலும் 15, 20 நிமிடத்தில் போய்விடும்.

கொசுவலை அடித்த ஜன்னலை மறக்காமல் மூடுங்கள். அங்கே வெளிச்சம் உண்டு, வழி கிடையாது. நகம் வலையில் மாட்டிக்கொள்ளும்.

அப்படியும் போகாவிட்டால் இரண்டு பேர் ஒரு பெட்ஷீட்டை சுவர்போல் உயர்த்திப் பிடித்து, வாசல் பக்கமாக மெல்ல நகருங்கள். அலகைத் திறந்து மூச்சிரைத்தால் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: கையால் பிடித்தே ஆகவேண்டும் என்றால்?

பதில்: மெல்லிய பருத்தித் துண்டை மேலே போட்டு, இறக்கைகள் மடங்கியிருக்கும்படி முதுகுப்புறமாக அள்ளுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. நமக்கு இருப்பதுபோல், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் உங்கள் கைக்குள்ளேயே மூச்சு நின்றுவிடும்.

கேள்வி: சென்னையில் எங்கள் ஃபிளாட் பால்கனிக்கு அக்டோபர் இரவில் ஒரு பறவை வந்து, பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு.

பதில்: ஆறுமணிக்குருவி. வடக்கே இனப்பெருக்கம் முடித்து, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. இரவில் பயணிக்கும், நகர வெளிச்சத்தில் தடுமாறிக் களைத்து இறங்கிவிடும். காயம் இல்லையென்றால் காற்றுத் துளையிட்ட ஷூ பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, பூனை எட்டாத அமைதியான அறையில் வையுங்கள். விடிந்ததும், புதரும் சருகும் உள்ள இடத்தில் தரையில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். தரையில் புழு பூச்சி பொறுக்கித் தின்னும் பறவை, மொட்டைமாடியில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கண்ணாடியில் மோதி மயங்கிய மைனாவுக்கு வாயில் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. நேரே நுரையீரலுக்குப் போய்விடும். மேலே சொன்ன அதே இருட்டுப் பெட்டி, ஒரு மணி நேரம், சோறும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம். திறந்து பார்ப்பதை வெளியே போய்ச் செய்யுங்கள். இல்லையென்றால் மறுபடி ஃபேனும் கண்ணாடியும்தான். இரண்டு மணி நேரமாகியும் எழவில்லை, இறக்கை தொங்குகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: பூனை கவ்விக் கொண்டுவந்தது, காயமே தெரியவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பல் குத்திய துளை இறகுக்குள் தெரியாது. பூனை எச்சிலில் உள்ள பாக்டீரியா ஓரிரு நாளில் கொன்றுவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் வேண்டும்.

கேள்வி: தேன்சிட்டு தினமும் ஜன்னல் கண்ணாடியைக் கொத்துகிறது. உள்ளே திரை போட்டும் நிற்கவில்லை.

பதில்: அதன் கண்ணுக்கு அது பிம்பம் இல்லை, தன் எல்லைக்குள் புகுந்த எதிரி. பிம்பம் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் விழுவதால் உள்திரை உதவாது. வெளியே பழைய துணி கட்டுங்கள், அல்லது சோப்புத் தண்ணீரைப் பூசிக் காயவிடுங்கள். கூடு கட்டும் காலம் முடிந்தால் தானே நிறுத்திவிடும்.

கேள்வி: குஞ்சைத் தொட்டால் தாய் சேர்க்காதாமே?

பதில்: சேர்க்கும். கூடு தெரிந்தால் தயங்காமல் எடுத்து வையுங்கள்.