தினமும் பெருக்கியும் மகனுக்குத் தும்மல் நிற்கவில்லையே?

கேள்வி: சென்னையில் மெயின் ரோட்டை ஒட்டிய ஃபிளாட்டில் இருக்கிறோம். தினமும் இரண்டு வேளை வீடு பெருக்குகிறேன். ஆனாலும் 7 வயது மகன் காலையில் எழுந்ததும் விடாமல் தும்முகிறான். பகலில் அவ்வளவாக இல்லை. ஏர் பியூரிஃபையர் வாங்கினால் சரியாகுமா டாக்டர்?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், அம்மா. எழுந்ததும் தும்மல், பகலில் இல்லை என்கிறீர்கள். இப்படிச் சொன்னால் ரோட்டுத் தூசியைவிடத் தலையணை, மெத்தை மீதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழும் தூசிப் பூச்சிகள் அங்கே இருக்கும். நீளம் கால் மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, கடிக்கவும் கடிக்காது. பல குழந்தைகளுக்கு ஒவ்வாமை தருவது அவற்றின் எச்சம். இவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கின்றன. கடலோர ஊரின் புழுக்கமும் இரவு வியர்வையும் அவற்றுக்கு நல்ல வசதி.

அந்த எச்சத் துகள்கள் கனமானவை. படுக்கையை உதறினால் கிளம்பும், சற்று நேரத்தில் இறங்கிவிடும். பிள்ளை ராத்திரி முழுக்கத் தலையணையில் முகம் புதைத்துத் தூங்கும்போது, அறை மூலையில் ஓடும் மெஷின் என்ன செய்ய முடியும்? புகைக்கும், ரோட்டிலிருந்து வரும் நுண்துகளுக்கும் அது உதவும், அதுவும் ஜன்னலைச் சாத்தி வைத்தால்.

அதனால் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள். வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லையென்றால், கொதித்த தண்ணீரில் ஏறக்குறைய அதே அளவு குழாய்த் தண்ணீர் கலந்தால் போதும். கையை விடாமல் கோலால் அமுக்குங்கள். பல வருஷப் பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுங்கள். மெத்தைக்குத் தூசிப் பூச்சி புகாத ஜிப் உறை கிடைக்கிறது. பியூரிஃபையருக்கு வைத்த பணத்தில் முதலில் இதை வாங்கலாம். மொட்டை மாடி வெயிலில் காயவைக்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் பூச்சி செத்தாலும் எச்சம் உள்ளேயே கிடக்கும். பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது மாஸ்க் போட்டுக்கொண்டு நன்றாகத் தட்டுங்கள். துவைக்க முடியாத பொம்மையை ஒரு நாள் முழுக்க ஃப்ரீஸரில் வைத்தால் பூச்சி சாகும்.

பெருக்குவதை அவன் பள்ளிக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, முடிந்தவரை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த துடைப்பம் தரையில் சும்மா கிடக்கும் தூசியை மூக்குக்கு ஏற்றிவிடுகிறது. ஃபேன் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும்.

கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 சிகரெட்டுக்கும் மேல் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இன்றைக்கே நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள்.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் ராத்திரி இருமலோ, மூச்சில் விசில் சத்தமோ, ஓடினால் இளைப்போ வந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எதற்கு ஒவ்வாமை என்பதைத் தோல் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.